வாசகசாலை யாருடையது?

நாம் குடியேறி வாழும் இக்கொச்சி நகரத்திற்கும் தமிழ்ப் புத்தகத்திற்கும் உள்ள உறவு நேற்று இன்று ஏற்பட்டதன்று. 1579-ஆம் ஆண்டில் இவ்வூரில் 'கிரிசித்தியானி வணக்கம்' என்னும் தமிழ் நூல் அச்சேறியது. அதற்கு முந்திய ஆண்டில் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சாகியிருந்தது. முத்துக்குளித்துறையில் வாழ்ந்த கிறிஸ்தவப் பரதவர்களுக்காக அண்டிரிக் அடிகளார் என்னும் போர்த்துகீசியப் பாதிரியார் ஆக்கியளித்த நூல்கள் அவை. இந்திய மண்ணில் இந்திய எழுத்தில் அச்சான நூல்களுள் மிகப் பழையவை இவை என்பர். கொல்லத்து நூலின் பிரதி ஒன்று கடல் கடந்து சென்று, இன்று அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழக நூல் நிலையத்தில் இருக்கின்றது. பதினாறே பக்கங்கள் கொண்ட அச்சிறு நூல் நானூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பிழைத்திருப்பதற்குக் காரணம், அதை ஒரு நூல் நிலையம் வாங்கி வைத்துக் காத்ததே.

இத்தகைய பழம் பெருமை உடைய ஊரில், இன்று ஒரு தமிழ்க் குடும்பத்திற்குப் படிக்க என்ன கிடைக்கின்றது? இந்தத் திங்கள் இப்பகுதியில் அதைப் பற்றியே எழுத விரும்புகிறேன். எழுதத் தூண்டியவர் நம் தெருவில் பூ விற்கும் ஆச்சி ஒருவர்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து நாற்பது ஆண்டுகளுக்கு முன் மணமாகி மட்டாஞ்சேரிக்கு வந்தவர் அவர். தமிழ் எழுத்துக் கூட்டி நன்றாகப் படிப்பார். மலையாளம் பேசுவார், படிக்கத் தெரியாது. தமிழ்நாட்டிலிருந்து வரும் மல்லிகைப் பொதிகளை ஈரத் துணியோடு தமிழ்ப் பத்திரிகைத் தாள்களிலும் சுற்றி அனுப்புவது வழக்கம். ஆச்சி அத்தாள்களைக் கசக்கி எறிவதில்லை. வெயிலில் உலர்த்தி, மடித்து, பகலில் வியாபாரம் ஓய்ந்த நேரத்தில் படிப்பார். சில திங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படிப்பட்ட தாள் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு என் வீட்டு வாயிலுக்கு வந்தார்.

"தம்பி, இந்தக் கதையில அந்தப் பிள்ளை வீடு திரும்புச்சா இல்லியா? இதோட மிச்சத் தாளு எங்கே கிடைக்கும்?" என்று கேட்டார்.

தாளை வாங்கிப் பார்த்தேன். தொடர்கதை ஒன்றின் நடுப்பகுதி. முன்னும் இல்லை, பின்னும் இல்லை. எந்தப் பத்திரிகை, எந்த நாள் என்பதும் கிழிந்த ஓரத்தோடு போயிருந்தது. கிடைக்காது என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டேன். அவர் தெருமுனை திரும்பிய பிறகே, நம் சங்கத்து அலமாரி நினைவுக்கு வந்தது. இருநூறுக்குக் குறையாத தமிழ்ப் புத்தகங்கள் அதில் இருக்கின்றன. அன்பர்கள் பலர் ஊருக்குப் போய்த் திரும்பும்போது வாங்கி வந்து கொடுத்தவை. அலமாரி பூட்டியிருந்தது. அதன் சாவி ஓராண்டுக்கு மேலாக என் மேசை இழுப்பறையில் கிடந்தது. புத்தகங்கள் காணாமற்போய்விடுமே என்ற அச்சத்தினால் அதைப் பத்திரப்படுத்தியவன் நானே. இக்குற்றத்தை இங்கே ஒப்புக்கொண்ட பிறகே மேலே எழுதுவது முறையாகும்.

ஆச்சியின் பேத்தி எட்டாம் வகுப்பில் படிக்கிறாள். அவள் நிலை இதற்கு நேர்மாறானது. தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. மலையாளம் சரளமாகப் படிப்பாள். நம் பகுதியிலுள்ள வாசகசாலை ஒன்றில் சிறுவர்களுக்கென நடக்கும் 'பாலவேதி'யில் அவள் உறுப்பினள். வாரந்தோறும் ஒரு புத்தகம் எடுத்து வருகிறாள். "ஆச்சி, நீங்களும் அங்கே போய்க் கேட்கலாமே" என்றேன். "அது மலையாளத்துக்காரங்க எடம், தம்பி. நமக்கு அங்கே என்ன இருக்கு?" என்றார் அவர். இதே விடையை நம் குடும்பங்கள் பலவற்றில் கேட்டிருக்கிறேன். இவ்விடை எங்கிருந்து பிறக்கின்றது என்பதைச் சிறிது ஆராய்ந்து பார்ப்பது நன்று.

தமிழ்நாட்டில் நாம் கண்டு வளர்ந்த நூல் நிலையம் சர்க்காருடையது. 1948-இல் நிறைவேறிய சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் வழி வந்தது. சுதந்திர இந்தியாவில் இவ்வகைச் சட்டங்களுள் முதலாவது அதுவே. அதற்காகப் பாடுபட்டவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன். கணிதப் பேராசிரியராக இருந்த அவர் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்று, இங்கிலாந்து சென்று அங்குள்ள நூல் நிலையங்களைச் சுற்றிப் பார்த்தார். பொது நூல் நிலையம் என்பது அறிஞருக்கு மட்டும் உரியதன்று, குழந்தைக்கும் தொழிலாளிக்கும் இல்லத்தரசிக்கும் உரியது என்ற உண்மையை அங்கே கண்டு திரும்பினார். 1931-இல் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் மாட்டு வண்டி ஒன்றில் நூல்களை ஏற்றிக் கிராமங்களுக்குக் கொண்டு சென்ற முயற்சியும் அக்காலத்து எழுச்சியைச் சேர்ந்ததே. சட்டம் வந்த பிறகு, ஊரார் செலுத்தும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தது. ஜில்லாதோறும் நூலக ஆணைக்குழு ஏற்பட்டது. கிளை நூலகங்கள் தோன்றின. அங்கே கதவைத் திறப்பவர் சம்பளம் பெறும் ஊழியர். நாம் போய்ப் படித்துவிட்டு வருவோம். யாருடைய அனுமதியையும் நாடியதில்லை.

கேரளத்தின் வழி வேறு. இங்கே வாசகசாலை பெரும்பாலும் ஊரார் கூடி அமைத்தது. எர்ணாகுளம் பொது நூலகம் 1870-இல் தொடங்கியது என்பதையும், திருவனந்தபுரத்து நூலகம் 1829-இல் தோன்றியது என்பதையும் எண்ணும்போது, இந்நாட்டாரின் புத்தகப் பற்று எத்துணைப் பழையது என்பது விளங்கும். ஆனால் கிராமந்தோறும் வாசகசாலை பரவியதற்குப் பெருங்காரணமாக நின்றவர் குட்டநாட்டு நீலம்பேரூரில் 1909-இல் பிறந்த பி. என். பணிக்கர் என்னும் பள்ளி ஆசிரியர். தம் ஊரில் 1926-இல் ஒரு சிறு நூல் நிலையத்தைத் தொடங்கிய அவர், 1945-இல் நாற்பத்தேழு நூல் நிலையங்களை அம்பலப்புழையில் ஒன்றுகூட்டிச் சங்கமாக்கினார். ஊர் ஊராக நடந்தார். இடமும் மரப்பெட்டியும் புத்தகமும் கேட்டு வாங்கினார். 1975-இல் யுனெஸ்கோவின் க்ருப்ஸ்காயா பரிசு அவ்வியக்கத்தைத் தேடி வந்தது. அவர் மறைந்த ஜூன் 19-ஆம் நாளைக் கேரளம் 1996 முதல் வாசிப்பு நாளாகக் கொண்டாடி வருகின்றது. 1990 பிப்ரவரியில் நம் எர்ணாகுளம் ஜில்லா, நாட்டிலேயே முதன்முதலாக முழு எழுத்தறிவு பெற்ற ஜில்லாவாக அறிவிக்கப்பட்டதற்கும் இத்தகைய வாசகசாலைகள் இட்ட உரம் ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை.

1989-ஆம் ஆண்டின் கேரளப் பொது நூலகச் சட்டம் இவ்வாசகசாலைகளை ஓர் அமைப்பின்கீழ்க் கொணர்ந்தது. இன்று எட்டாயிரத்துக்கு மேற்பட்ட வாசகசாலைகள் மாநில நூலகக் கவுன்சிலில் இணைந்துள்ளன. அவற்றின் தரத்துக்கு ஏற்ப மானியம் கிடைக்கின்றது. ஆயினும் வாசகசாலையை நடத்துபவர் சர்க்கார் அல்லர்; அதன் உறுப்பினர்களே. உறுப்பினர்கள் பொதுக் குழுவில் கூடி நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வாசகசாலைகளின் பிரதிநிதிகள் தாலுகாவிலும், அங்கிருந்து ஜில்லாவிலும், பின்பு மாநிலத்திலும் கவுன்சில் அமைக்கிறார்கள். ஒரு சந்தின் கோடியில் உள்ள சிறு வாசகசாலையின் உறுப்பினருடைய வாக்கு, படிப்படியாக மாநிலக் கவுன்சில்வரை சென்று எட்டுகின்றது.

நம்மவர் தயங்குவதற்குக் காரணம் இவ்வேற்றுமையே. முன்வாசலில் ஒரு குழு அமர்ந்து பத்திரிகை படிக்கின்றது; கேரம் ஆடுகின்றது; அரசியல் பேசுகின்றது. பார்க்கும் நமக்கு அது யாரோ சில நண்பர்களின் மன்றம்போலத் தோன்றுகின்றது. அழையாத வீட்டில் நுழையலாகாது என்று ஒதுங்கிச் செல்கிறோம். உண்மை இதற்கு மாறானது. உறுப்பினர் ஆவதற்குச் சிறு தொகையும் ஒரு விண்ணப்பமுமே வேண்டும். தாய்மொழி இன்னதாக இருத்தல் வேண்டும் என்ற விதி எதுவும் இல்லை. மேலும், இங்கே கட்டட வரியோடு ரூபாய்க்கு ஐந்து பைசா வீதம் நூலக வரி வசூலிக்கச் சட்டம் வகை செய்கின்றது. வாடகை வீட்டில் இருப்பவர் வரி கட்டுவதில்லை என்று எண்ணற்க. வீட்டுக்காரர் கட்டும் வரி நாம் கொடுக்கும் வாடகையிலிருந்தே போகின்றது. சலவைத் துறையில் தலைமுறைகளாகத் துணி வெளுக்கும் தமிழ்க் குடும்பமும், சரக்குக் கிடங்கில் மூட்டை தூக்குபவரும், தெருவில் இஸ்திரி போடுபவரும் இவ்வகையில் வாசகசாலைக்குப் பங்கு செலுத்தியவர்களே. செலுத்திய பங்குக்கு உரிய பலனைக் கேளாதிருப்பது நம் குறை.

வாசகசாலையில் தமிழ் நூல் இல்லையே, உறுப்பினராகி என்ன பயன் என்று சிலர் கேட்கக்கூடும். இதற்கு என் தொழிலிலிருந்து ஓர் உவமை சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன். எங்கள் ஊரில் வண்டி நிற்கவில்லை என்று மக்கள் மனுக் கொடுப்பார்கள். ரயில்வே நிர்வாகம் சோதனையாக ஆறு திங்களுக்கு ஒரு நிறுத்தம் கொடுத்துப் பார்க்கும். அக்காலத்தில் அந்த ஸ்டேஷனில் விற்ற சீட்டுகள் எத்தனை என்று கணக்கெடுக்கும். சீட்டு வாங்காமல் ஏறிச் சென்றவர்கள் ஆயிரம் பேர் இருந்தாலும் அவர்கள் கணக்கில் வாரார். முடிவில் நிறுத்தம் ரத்தாகும். வாசகசாலையின் அலமாரியும் இவ்வாறே. உறுப்பினர் பதிவேட்டில் தமிழ்ப் பெயர்கள் இல்லை. இரவல் பதிவேட்டில் தமிழ்ப் புத்தகம் கேட்டதாக ஒரு வரி இல்லை. அவ்வாறிருக்க, ஆண்டுதோறும் மானியப் பணத்தில் நூல் வாங்கச் செல்லும் குழுவினர் தமிழ் நூல் வாங்காததற்கு அவர்களை நோவது எங்ஙனம்?

எண்ணிக்கை சிறிதாயினும் பதிவேடு பேசும் என்பதற்கு இடுக்கி மலையில் ஒரு சான்று உண்டு. எடமலைக்குடி என்பது முதுவர் என்னும் பழங்குடியினர் வாழும் காட்டுப் பகுதி. அங்கே ஒரு முதியவர் தம் தேநீர்க் குடிசையிலேயே ஒரு நூல் நிலையம் நடத்தி வந்ததை, 2014-இல் பத்திரிகையாளர் பி. சாய்நாத் நேரில் கண்டு உலகுக்கு எழுதினார். அப்போது அங்கிருந்த நூல்கள் நூற்றறுபதே. உறுப்பினர் ஆக ஒருமுறை இருபத்தைந்து ரூபாய். பிறகு திங்களுக்கு இரண்டு ரூபாய். சாக்கு மூட்டைகளில் கட்டி வைத்த அந்நூல்களைக் காட்டுவாசிகள் இரவல் வாங்கிச் சென்று, படித்து, திருப்பிக் கொடுத்தார்கள். அவற்றுள் நம் சிலப்பதிகாரமும் மலையாள மொழிபெயர்ப்பாக இருந்தது. யானை நடமாடும் காட்டில் இது நடக்குமானால், மின்விளக்கும் படகுத் துறையும் உள்ள மட்டாஞ்சேரியில் ஏன் நடவாது?

பிற நாடுகளில் குடியேறிய தமிழர் இதில் நமக்கு வழிகாட்டிகளாக உள்ளனர். சிங்கப்பூரின் பொது நூலகங்கள் ஆங்கிலம், சீனம், மலாய் ஆகியவற்றோடு தமிழிலும் நூல் வாங்குகின்றன. கனடாவில் டொரன்டோ நகரப் பொது நூலகம், ஈழத்தமிழர் மிகுதியாக வாழும் பகுதிகளின் கிளைகளில் தமிழ் நூல் வைத்துள்ளது. கொங்கணியும் குஜராத்தியும் உருதுவும் தமிழும் ஒரே தெருவில் ஒலிக்கும் மட்டாஞ்சேரிக்குப் பன்மொழி நூல் நிலையம் எவ்வளவு பொருத்தம் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

நமக்கென்று தனியே ஒரு நூல் நிலையம் அமைத்துக்கொள்ளலாமே என்பது மற்றொரு கருத்து. அமைக்கலாம், தவறில்லை. யாழ்ப்பாணத்தில் 1933-இல் செல்லப்பா என்பவர் தம் வீட்டிலிருந்தே பிறருக்கு நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். ஊரார் சேர்ந்தனர். அரங்கநாதனின் ஆலோசனை கிடைத்தது. 1959-இல் அழகிய கட்டடம் எழுந்தது. அக்கட்டடமும் அதிலிருந்த தொண்ணூற்றேழாயிரம் அளவான நூல்களும் 1981-இல் தீக்கிரையானதை எண்ணித் தமிழுலகம் இன்றும் கண்ணீர் வடிக்கின்றது. ஆனால் அன்பர்களே, தீயினால் அழிந்த நூலை உலகம் அறியும். பூட்டிய அலமாரியில் கரையான் தின்று அழியும் நூலை யார் அறிவார்? பகைவன் செய்ததை நாமே சிறிய அளவில் செய்துகொண்டிருக்கிறோமோ என்று, அந்தச் சாவியை எடுத்தபோது என் நெஞ்சு குறுகுறுத்தது. நூல் பயன்பாட்டிற்கே உரியது என்பதைத்தான் அரங்கநாதன் 1931-இல் வகுத்த ஐந்து விதிகளுள் முதலாவதாக வைத்தார்.

தனியே அமைப்பதில் வேறொரு குறையும் உண்டு. ஆச்சி ஒரு கட்டடத்திலும் பேத்தி மற்றொரு கட்டடத்திலும் படிப்பார்கள். வீட்டிலே ஏற்கெனவே விழுந்துள்ள பிளவு வெளியிலும் நிலைபெற்றுவிடும். பேத்தி மலையாளம் படிப்பதை இழப்பாகக் கருதுவோர் நம்மிடையே சிலர் உளர். அவர்களுக்குச் சுந்தர ராமசாமியின் வரலாற்றை நினைவூட்ட விரும்புகிறேன். அவர் இளமையில் கோட்டயத்தில் வளர்ந்தவர்; மலையாளத்தை முன்னும் தமிழ் எழுத்தைப் பதினெட்டு வயதளவிலும் கற்றவர். அவரே பிற்காலத்தில் தமிழ் உரைநடையின் முன்னணி ஆசிரியர்களுள் ஒருவரானார். தகழியின் 'செம்மீன்' நாவலைத் தமிழில் தந்தவரும் அவரே. அயல்மொழி படித்த பிள்ளை தமிழுக்குத் தூரமாகிவிடும் என்பதில்லை. திரும்பி வரும் வழியில் ஒரு புத்தகம் கிடைக்க வேண்டும், அவ்வளவே.

எல்லாம் கைப்பேசியிலேயே கிடைக்கும்போது வாசகசாலை எதற்கு என்று இளைஞர் வினவுவர். கைப்பேசி நல்ல கருவியே. ஆனால் ஒற்றை அறையில் ஆறு பேர் வாழும் குடும்பத்துப் பிள்ளைக்கு அது ஒரு மேசையும் நாற்காலியும் தருமா? தேர்வு எழுதும் இளைஞனுக்கு, சென்ற ஆண்டு அதே தேர்வில் தேறிய அண்டை வீட்டாரைப் பக்கத்தில் உட்கார்த்தி வைக்குமா? வாசகசாலை இவற்றைத் தருகின்றது. பல வாசகசாலைகளில் பெண்களுக்கும் முதியோருக்கும் வீட்டுக்கே நூல் கொண்டு சென்று கொடுக்கும் திட்டமும் நடைபெறுகின்றது. வெளியே வர இயலாத நம் தாய்மார் இதைக் கேட்டுப் பெறலாம்.

இனி நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். ஆச்சியையும் இன்னும் நான்கு குடும்பத்தாரையும் அழைத்துக்கொண்டு, பேத்தி வழிகாட்ட, அந்த வாசகசாலைக்குச் சென்றேன். செயலாளர் எங்களை உட்காரச் சொல்லித் தேநீர் வரவழைத்தார். தமிழ் நூல் வேண்டும் என்று தாம் பொறுப்பேற்ற காலத்தில் எவரும் கேட்டதில்லை என்றார். ஐவரும் விண்ணப்பம் எழுதினோம். ஆச்சி தமிழில் கையெழுத்திட்டார். அடுத்த பொதுக் குழுவில் இதைப் பேசுவதாகச் செயலாளர் வாக்களித்தார். நூல் வாங்கும்வரை, நம் சங்கத்து அலமாரியிலிருந்து ஐம்பது புத்தகங்களை அங்கே இரவலாக வைக்கலாம் என்று ஏற்பாடாயிற்று. ஒரு தட்டு காலி செய்து கொடுத்தார்கள். பொதுக் குழு என்ன முடிவு செய்யும் என்பதை இப்போது கூற இயலாது. ஐந்து பெயர் போதாது. ஐம்பது பெயர் இருந்தால் முடிவு எளிதாகும். இதைப் படிக்கும் ஒவ்வொரு குடும்பமும் அவரவர் பகுதி வாசகசாலையில் ஒரு பெயரையாவது பதிவு செய்யுமாறு வேண்டுகிறேன். பதிவு செய்தபின் திங்களுக்கு ஒரு நூலாவது எடுத்துப் படித்துத் திருப்பிக் கொடுங்கள். தமிழ் நூல் வேண்டுமென்று எழுத்தில் கேளுங்கள்.

முதலில் சென்ற ஐம்பதில் தமிழ்ச் 'செம்மீன்' ஒன்று இருந்தது. ஆச்சி அதை எடுத்தார். பேத்தி மலையாளத்தில் அதே நூலை எடுத்தாள். மாலையில் பூக் கட்டும்போது இருவரும் ஒரே கதையை இரு மொழியில் பேசிக்கொள்கிறார்களாம். கறுத்தம்மாவின் நடத்தையைப் பற்றி இருவருக்கும் கருத்து வேற்றுமை என்று கேள்வி. பேத்தி கதையில் ஓரிடத்தைத் தமிழில் எப்படிச் சொல்லியிருக்கிறது என்று பார்க்க விரும்பி, எழுத்துக் கூட்டத் தொடங்கியிருக்கிறாள்.

சங்கத்து அலமாரியின் சாவி இப்போது என்னிடம் இல்லை. அது ஆணியில் தொங்குகின்றது. ஞாயிறுதோறும் மாலை நான்கு மணி முதல் ஆறு மணி வரை அலமாரி திறந்திருக்கும். எழுதி வைத்துவிட்டு எடுத்துச் செல்லுங்கள்.